லீவு நாளில் அடிபட்டால் வலிக்காதா?

2025 ஜூலை 24. இங்கிலாந்தின் மான்செஸ்டர் மைதானம். முந்தின நாள் கிறிஸ் வோக்ஸ் போட்ட பந்து பட்டு வலது பாத எலும்பு முறிந்து, வண்டியில் ஏற்றி வெளியே கொண்டு போகப்பட்ட ரிஷப் பந்த், மறுநாள் நொண்டி நொண்டிப் படியிறங்கி மறுபடியும் பேட் பிடிக்க வந்தார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. நம்ம மதுரை டீக்கடைகளிலும் அதே பேச்சுதான். "வீரன்னா இவன்தாய்யா!"

அதே ரிஷப் பந்த். அதற்கு இரண்டரை வருஷம் முன்னால், 2022 டிசம்பர் 30 விடியற்காலை, புது வருஷத்துக்கு அம்மாவைப் பார்க்க டில்லியிலிருந்து ரூர்க்கிக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போனார். ரூர்க்கிக்குச் சற்று முன்னால் கார் தடுப்பில் மோதி, உருண்டு, தீப்பிடித்தது. நெற்றியில் இரண்டு வெட்டுக் காயம், வலது முழங்காலில் ஜவ்வு கிழிசல், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கால்விரலிலும் அடி, முதுகெல்லாம் சிராய்ப்பு. அப்போது அவருக்கு வயசு 25.

அன்றைக்கு அதே டீக்கடைகளில் என்ன பேச்சு? பதறினவர்கள், வேண்டிக்கொண்டவர்கள் நிறைய. மறுக்கவில்லை. ஆனால் கூடவே இன்னொரு குரலும் கேட்டது. "அந்த நேரத்துல இவனை யாருய்யா கார் ஓட்டச் சொன்னா? ஒரு டிரைவர் வச்சுக்க வக்கில்லையா? இப்ப ஆஸ்திரேலியாக்காரன் வர்றான்... யாரு கீப்பிங் நிக்கிறது?"

ஒரே ஆள். ஒரே வலது கால். மைதானத்தில் ஒடிந்தால் வீரம்; லீவில் ஒடிந்தால் திமிர்!

எலும்புக்குத் தெரியுமா, இது டியூட்டி, இது லீவு என்று?

இந்த ரசிகர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் செய்ததைத்தான் நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டுக் கூடத்தில் செய்துகொண்டிருக்கிறோம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கிரிக்கெட் பார்க்காத டிரைவர்

அந்த விடியற்காலையில் ஓடி வந்து உதவியவர்களில் ஒருவர் ஹரியானா அரசு பஸ்ஸின் டிரைவர். எதிரே வந்த பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரோடு ஓடிப்போய், காயம்பட்டவரை எரிகிற காரை விட்டு அப்புறப்படுத்தி, போர்வை கொடுத்து, ஆம்புலன்சுக்குச் சொன்னார். பின்னால் நிருபர்கள் கேட்டபோது அவர் சொன்னது: "நான் கிரிக்கெட் பார்க்கிறதில்லை. அவர் யாரென்றே எனக்குத் தெரியாது!"

கவனித்தீர்களா? ரசிகராக இல்லாத ஒருவர்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் காரியத்தைப் பார்த்தார். 'ஏன் தூங்கினாய், ஏன் தனியாக வந்தாய்' என்ற விசாரணை அங்கே இல்லை.

விசாரணை எல்லாம் பிறகு வந்தது. கண் அசந்துவிட்டது என்று முதலில் செய்தி. ரோட்டுப் பள்ளத்தைத் தவிர்க்கப் போனதால்தான் என்று அப்புறம் ஒரு செய்தி. ரத்தம் வழிகிற முகத்தோடு படம் ஊரெல்லாம் சுற்றியது. அவருக்கும் குடும்பம் இருக்கிறது, இதையெல்லாம் பரப்பலாமா என்று ரோகித் சர்மாவின் மனைவி வெளிப்படையாகவே கேட்டார்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமல்ல. அதே 2022 டிசம்பரில் ஜெர்மனியில் இன்னொரு சம்பவம். கத்தார் உலகக்கோப்பை கால்பந்தில் ஜெர்மனி முதல் சுற்றோடு வெளியேறிய சோகத்தில், மனசை ஆற்றிக்கொள்ளப் பனிச்சறுக்குக்குப் போனார் மானுவெல் நாயர். பேயர்ன் மியூனிக் அணியின் கோல்கீப்பர், கேப்டன். விழுந்தார், கீழ்க்கால் எலும்பு முறிந்தது. அந்த சீசனே போயிற்று. அவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் லீவில் பனிச்சறுக்கு போகலாமா என்று ரசிகர்கள் பிரிந்து நின்று சண்டை போட்டார்கள். அவர் மறுபடியும் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்றது 2023 அக்டோபர் 28-ல். பத்து மாதத்துக்கும் மேல்.

அப்போது நம் சென்னை அணியில் ஆடிய ஜடேஜாவை மறக்க முடியுமா? 2022 ஆசியக் கோப்பைக்காகத் துபாய் போன இடத்தில், பயிற்சிப் பட்டியலில் இல்லாத ஒரு நீர் விளையாட்டில் முழங்கால் திருகிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. ஆபரேஷன் ஆனது. அந்த வருஷ டி-20 உலகக்கோப்பைக்கு அவர் இல்லை. "வெளையாடப் போன எடத்துல விளையாட்டு என்ன வேண்டிக்கெடக்கு?" என்று திட்டாத ஆள் இல்லை. அடுத்த மே மாதம் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துக்குப் பத்து ரன் வேண்டும் என்ற நிலையில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து ஜெயிக்க வைத்தாரே, அதே முழங்கால்தான்!

நம் வீட்டு விசாரணைக் கமிஷன்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார். ஓடி வருகிற மகன் வாயில் முதலில் வருவது என்ன? "வலிக்குதாம்மா?" என்பதா? இல்லை. "பாத்துப் போகக் கூடாதா? ஒன்னைய யாரு இந்நேரத்துல அங்க போகச் சொன்னா?"

பையன் ஞாயிற்றுக்கிழமை ரேஸ்கோர்ஸ் பக்கம் கிரிக்கெட் ஆடப் போய்க் காலைத் திருகிக்கொண்டு வருகிறான். அப்பா: "நல்லா வேணும்! படிக்கிற பய பந்து பொறுக்கப் போனா இப்படித்தான்."

கோபமெல்லாம் பாசத்தில் வருவதுதான், சார். எனக்குத் தெரியாதா? பயம்தான் கோபமாக மாறி வெளியே வருகிறது. ஆனால் அதன் பலன் என்ன தெரியுமா? அடுத்த தடவை அடிபட்டால் அவர்கள் சொல்லவே மாட்டார்கள். மறைப்பார்கள்!

எங்களிடம் வருகிற நோயாளிகளைப் பார்த்துச் சொல்கிறேன். ஐம்பது வயசு தாண்டின ஓர் அம்மா, மொட்டை மாடியில் வற்றல் காயப்போடப் போய் கை ஊன்றி விழுந்திருக்கிறார். மருமகளும் மகனும் சத்தம் போடுவார்களே என்று பயந்து, முழங்கைச் சட்டையால் மறைத்துக்கொண்டு பத்து நாள் சமையலும் செய்திருக்கிறார். என்னிடம் வந்தது "கைக்கு ஏதாவது தைலம் குடுங்க தம்பி" என்று. பார்த்தால் மணிக்கட்டு கரண்டி கவிழ்த்த மாதிரி வளைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் முறிவு, அதுவும் கோணலாகக் கூட ஆரம்பித்துவிட்டது. முதல் நாளே வந்திருந்தால் நேராக்கி ஒரு மாவுக்கட்டோடு முடிந்திருக்கும்.

இன்னொரு பையன், கல்லூரி மாணவன். பந்தை விரட்டி ஓடும்போது முழங்காலில் 'படக்'கென்று சத்தம் கேட்டிருக்கிறது. ராத்திரிக்குள் வீக்கம். அப்பாவுக்குப் பயந்து வாரக்கணக்கில் வெளியே சொல்லவில்லை. இடையில் யாரோ உருவிவிட்டும் இருக்கிறார்கள். கிழிந்தது ஜவ்வு ஒன்றுதான். தள்ளாடுகிற மூட்டை வைத்துக்கொண்டு நடந்து நடந்து, பக்கத்தில் இருக்கிற குருத்தெலும்பையும் கெடுத்துக்கொண்டு வந்தான்.

அவர்கள் மறைத்தது வலியை அல்ல, நம்முடைய கேள்வியை!

பார்க்கப் போகிற கூட்டம்

ரசிகர்கள் செய்த இரண்டாவது காரியம், பார்க்கப் போனது. ரிஷப் பந்த் டேராடூன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது சினிமா நட்சத்திரங்களிலிருந்து பிரமுகர்கள் வரை வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் டில்லி கிரிக்கெட் சங்க இயக்குனர் சியாம் சர்மா, 'தொற்று வந்துவிடும், தயவுசெய்து யாரும் வராதீர்கள்' என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம்ம ஊரைக் கேட்க வேண்டுமா! கிராமத்தில் ஒருத்தருக்குக் கால் ஒடிந்தால் ஒரு வேன் பிடித்துப் பதினெட்டுப் பேர் பெரியாஸ்பத்திரிக்கு வந்து இறங்குவார்கள். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், சாத்துக்குடிப் பை. கட்டிலிலேயே உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்த்து, "எங்க சித்தப்பா மகனுக்கும் இப்படித்தான்... கடைசில காலையே எடுத்துட்டாய்ங்க" என்று தைரியம் வேறு சொல்லிவிட்டுப் போவார்கள்!

திறந்த காயமும், புதிதாகத் தையல் போட்ட இடமும் தொற்றுக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. அதைவிட முக்கியம், தூக்கம். காயம் ஆறுகிற வேலை பெரும்பாலும் ஓய்விலும் தூக்கத்திலும்தான் நடக்கிறது. பார்க்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துப் போகிறவர் எப்போது தூங்குவது?

போகத்தான் வேண்டுமென்றால் இரண்டு பேர் போங்கள். பத்து நிமிஷம். தள்ளி உட்காருங்கள். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்காதீர்கள். நூறு பேரிடம் அவர் அதைச் சொல்லி முடித்திருப்பார். கூட இருந்து கவனிக்கிற மனைவிக்கோ மகனுக்கோ ஒருவேளைச் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தால் அதுதான் பெரிய உதவி.

எங்கள் வைத்தியத்தின் பெயரால்...

மூன்றாவது, யோசனை சொல்வது. இதில் எங்கள் சித்த மருத்துவத்தையும் இழுத்துவிடுகிறார்கள். அதனால் பாளையங்கோட்டையில் படித்த சித்த வைத்தியனாக உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் புற மருந்துகள் 32. அதில் கட்டு, பற்று, ஒற்றடம் இருக்கிறது. தொக்கணம் என்கிற தேய்ப்பு முறை இருக்கிறது. முறிந்த எலும்பு அசையாமல் பட்டை வைத்துக் கட்டும் கொம்பு கட்டலும் இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் எதை எப்போது செய்வது என்று ஒரு கணக்கு உண்டு.

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாளைக்குத் தேய்ப்பதோ உருவுவதோ கூடாது. சூட்டு ஒற்றடமும் கூடாது. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது தேய்த்தால் கசிவும் வீக்கமும்தான் அதிகமாகும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது நான்கு: அசைக்காமல் வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் வையுங்கள். தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.

முறிவு இல்லை, வெறும் சுளுக்குத்தான் என்று உறுதியான பிறகு, வீக்கம் வடிய ஆரம்பித்ததும் பாட்டி போடுகிற புளி, மஞ்சள், கல்லுப்புப் பற்றோ, நொச்சி இலை ஒற்றடமோ தாராளமாகப் போடுங்கள். திறந்த புண்ணின் மேல் மட்டும் வேண்டாம்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் வைத்துக் கட்டுகிற கட்டு போட்டீர்களா? விரல் நுனியைப் பாருங்கள். நீலம் பாரித்தாலோ, மரத்துப் போனாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ உடனே பிரித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ராத்திரி ஆகட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முழங்கால் மூட்டே நழுவிவிட்டால் அது இன்னும் பெரிய ஆபத்து. மூட்டுக்குப் பின்னால் ஓடுகிற ரத்தக்குழாய் சேதமானால் சில மணி நேரத்துக்குள் சரிசெய்தாக வேண்டும். இல்லாவிட்டால் காலே போகும். நரம்பு பாதித்திருந்தால் காலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று பயந்ததாக ரிஷப் பந்தே பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார்.

முழங்காலுக்குள் குறுக்காக ஓடுகிற ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டால் எந்தத் தைலமும், எந்த இலையும் அதைத் திரும்ப ஒட்ட வைக்காது. ஆடி ஓட வேண்டிய வயசுக்காரருக்கு அதற்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. பிரண்டைத் துவையல், உளுந்தங்களி, ஆட்டுக்கால் சூப் எல்லாம் நல்ல சாப்பாடு. தேறி வருகிறவருக்குத் துணை. அவையே வைத்தியம் ஆகிவிடாது. இதைச் சொல்வதால் எங்கள் வைத்தியத்துக்கு ஒரு குறைவும் வந்துவிடாது. சொல்லாமல் விட்டால்தான் வரும்.

காலத்துக்கும் ஒரு பத்தியம்

நான்காவது, அவசரம். இதுதான் ரசிகர்களும் வீட்டாரும் செய்கிற பெரிய கொடுமை. "எப்ப வருவான்? உலகக்கோப்பைக்கு வந்துருவானா?"

2023 ஜனவரி 4-ல் ரிஷப் பந்த் விமானத்தில் மும்பைக்குக் கொண்டு போகப்பட்டார். கோகிலாபென் ஆஸ்பத்திரியில் டாக்டர் தின்ஷா பர்திவாலா குழுவினர் முழங்கால் ஆபரேஷன் செய்தார்கள். (நம் தோனி 2023 ஜூனில் முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டதும் அதே டாக்டரிடம்தான்.) பிப்ரவரியில் இரண்டு கம்பு ஊன்றி ஓர் எட்டு. மே மாதம் கம்பைத் தூக்கிப் போட்டார். அதற்கப்புறமும் மாதக்கணக்கில் பெங்களூரில் பயிற்சி. 2023 உலகக்கோப்பை அவர் இல்லாமலே நடந்து முடிந்தது. களத்துக்குத் திரும்பியது 2024 மார்ச் 23-ல். கிட்டத்தட்ட பதினைந்து மாதம்!

ஏன் இத்தனை நாள்? ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் குறைவு. கை எலும்பு சில வாரங்களில் கூடும், கீழ்க்கால் எலும்பு சில மாதங்களில் கூடும். வேறு இடத்து நாரை எடுத்துப் புதிதாக வைத்த ஜவ்வு மூட்டோடு மூட்டாகப் பழகி உரம் பெற ஒன்பது மாதத்துக்குக் குறையாமல் ஆகும். அதற்கு முன் ஓட்டமும் திருப்பமுமாக ஆடப் போகிறவர்களுக்கு மறுபடியும் கிழிகிற ஆபத்து அதிகம் என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன.

காத்திருந்ததன் பலனைப் பார்த்தோமே! 2024 ஜூனில் டி-20 உலகக்கோப்பை ஜெயித்த அணியில் அவர் இருந்தார். செப்டம்பரில் நம் சேப்பாக்கத்தில் வங்காளதேசத்துக்கு எதிராக 109 ரன். டெஸ்ட் ஆட்டத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டத்திலேயே சதம்!

நம் வீட்டில் என்ன செய்கிறோம்? மாவுக்கட்டுப் பிரித்த மறுநாளே அம்மாவைத் தண்ணிக்குடம் தூக்க விட்டுவிடுகிறோம். "கட்டுத்தான் பிரிச்சாச்சே!" என்கிறோம். கட்டுப் பிரிப்பது பாதி வைத்தியம்தான். மீதிப் பாதி, சொல்லிக்கொடுத்த பயிற்சியை வலி பார்த்து, பொறுமையாக, தினமும் செய்வது. நாக்குக்குப் பத்தியம் இருக்கிற மாதிரி காலத்துக்கும் ஒரு பத்தியம் உண்டு.

மான்செஸ்டரில் முறிந்த பாதத்தோடு ஆடியதற்குக் கை தட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவருடைய துணிச்சலைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டி, "பாரு, கால் ஒடிஞ்சவனே ஆடுறான், ஒனக்கென்ன?" என்று வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூட மேட்சுக்குத் தள்ளாதீர்கள். அவரைச் சுற்றி டாக்டர் கூட்டமே நின்றது. அதற்கப்புறம் அவரும் மாதக்கணக்கில் உட்காரத்தான் வேண்டியிருந்தது.

கேட்க வேண்டிய கேள்வியை எப்போது கேட்பது?

"அப்படியானால் கவனக்குறைவைக் கண்டிக்கவே கூடாதா, டாக்டர்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்டியுங்கள். ஆனால் விழுந்த பிறகு அல்ல, புறப்படுகிறதுக்கு முன்னால்!

எங்கள் சித்த மருத்துவத்தில் அடக்கக் கூடாத வேகங்கள் என்று பதினான்கைச் சொல்லியிருக்கிறார்கள். தும்மல், பசி, தாகம் போல அதில் நித்திரையும் ஒன்று. வந்த தூக்கத்தை அடக்காதே என்பது வைத்திய விதி. அதையே நாலுவழிச்சாலையில் வைத்துப் பாருங்கள். திருச்செந்தூர் போய்விட்டு, சபரிமலை போய்விட்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் திருமங்கலம், கப்பலூர் வழியாக எத்தனை கார்கள், வேன்கள் பறக்கின்றன! விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை உடம்பு தூக்கத்துக்கே இழுக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் அசந்தால் வண்டி எண்பது மீட்டருக்கு மேல் ஓட்டுகிற ஆள் இல்லாமலே போகிறது. பாட்டுப் போடுவது, முகம் கழுவுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஓரமாகப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் தூங்குவதே மருந்து.

ஆகவே, கிளம்புகிற மகனிடம் கேளுங்கள்: "ராத்திரி நல்லாத் தூங்குனியாப்பா? விடிஞ்சதும் கெளம்பலாமே?" பாத்ரூமில் கைப்பிடி வைக்கச் சொல்லி இன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். மாடிப்படியில் ஒரு பல்பு போடுங்கள். இதெல்லாம் விழுவதற்கு முன்னால் காட்டுகிற பாசம்.

விழுந்துவிட்டாரா? அப்போது அந்த ஹரியானா பஸ் டிரைவராக இருங்கள். ரோடாக இருந்தால் 108-க்குச் சொல்லுங்கள். உதவி செய்கிறவரைப் போலீஸ், கோர்ட் என்று இழுத்தடிக்கக் கூடாது என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது, பயப்படத் தேவையில்லை. வீடாக இருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேளுங்கள்: "எங்க வலிக்குது? விரலை அசைக்க முடியுதா?"

யார் தப்பு என்ற விசாரணையை, கட்டுப் பிரித்து, நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அன்றைக்கு அந்தக் கேள்வி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா பார்ப்போம்!